பல கேட்கள் சேர்ந்த சர்க்யூட்: வெளியீட்டைப் பிசகாமல் கண்டுபிடிக்க ஒரு வழி

0 அல்லது 1 என்று வரும் உள்ளீடுகளைப் பார்த்து 0 அல்லது 1 என்று ஒரு விடை தரும் சின்னச் சர்க்யூட்டுக்குக் கேட் என்று பெயர். ஆண்ட், ஆர், நாட் என்ற மூன்று கேட்களையும் தனித்தனியாகக் கேட்டால் பிளஸ் டூ படிக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். அதே மூன்றையும் ஒரு படத்தில் கோத்துக் கொடுத்து ‘வெளியீடு என்ன’ என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடும். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரைக்குப் பாலிடெக்னிக் படிக்க வரும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இந்தப் பாடத்தைச் சொல்லித்தருகிறேன். எல்லோருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான். படத்தின் இடது ஓரத்தைப் பார்த்ததும் கண் நேராக வலது ஓரத்துக்குத் தாவிவிடுகிறது. நடுவில் ஓடும் கம்பிகளை யாரும் மதிப்பதில்லை. அந்த நடுக்கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள், பாதிக் கணக்கு முடிந்தது. மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

முதலில் கேட்களை ஒரு சுற்று பார்த்துவிடுவோம். ஆண்ட்: உள்ளே வருவது எல்லாம் 1 என்றால் மட்டும் 1. ஆர்: ஏதாவது ஒன்று 1 என்றாலே 1. நாட்: வந்ததைத் திருப்பிவிடும். நாண்ட் என்பது ஆண்டின் விடையைத் திருப்பியது, நார் என்பது ஆரின் விடையைத் திருப்பியது. எக்ஸார்: இரண்டும் வேறு வேறாக இருந்தால் 1. மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைத்து ஒரே விளக்கைப் போட்டு அணைக்கிறோமே, அது செய்வதும் இதே வேலைதான்.

இதை மனப்பாடம் செய்வதைவிட இன்னொன்று பயன்படும். ஆண்டுக்குள் ஒரு 0 நுழைந்தால் மற்றக் கம்பியில் என்ன வருகிறது என்று பார்க்கவே வேண்டாம், விடை 0. ஆருக்குள் ஒரு 1 நுழைந்தால் விடை 1. நாண்டுக்கு 0 வந்தால் 1, நாருக்கு 1 வந்தால் 0. எக்ஸாருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, இரண்டு கம்பியையும் பார்த்தே ஆக வேண்டும். தேர்வில் நேரம் மிச்சமாவது இந்த நான்கு வரியால்தான்.

படத்தில் முதுகு நேராக, ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருப்பது ஆண்ட். முதுகு உள்வாங்கி மூக்கு கூராக இருப்பது ஆர். அந்த முதுகுக்குப் பின்னால் இன்னொரு வளைகோடு இருந்தால் எக்ஸார். மூக்கு நுனியில் சின்ன வட்டம் இருந்தால் விடையைத் திருப்ப வேண்டும் என்று பொருள். அந்த வட்டம் சில படங்களில் கேட்டின் உள்வாயிலிலும் இருக்கும். அப்போது உள்ளே போகும் முன்பே அந்த ஒரு கம்பியை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு கம்பிகள் குறுக்கே போகும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால் அவை இணைந்திருக்கின்றன. புள்ளி இல்லையென்றால் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, அவ்வளவுதான். இந்தப் புள்ளியைக் கவனிக்காமல் போய்விட்டால் அதன் பிறகு எவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போட்டும் பயனில்லை.

ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம்

மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டம். கிணற்றில் மோட்டார், மேட்டில் ஒரு தொட்டி. மூன்று உள்ளீடுகள். கிணற்றில் போதுமான தண்ணீர் இருந்தால் ஏ = 1. தொட்டி நிறைந்துவிட்டால் பி = 1. தொட்டியை விட்டுவிட்டு நேராக வாய்க்காலுக்குப் பாய்ச்ச ஒரு கைச்சுவிட்ச், அதைப் போட்டால் சி = 1. மோட்டார் ஓட வேண்டுமென்றால் வெளியீடு ஒய் 1 ஆக வேண்டும்.

படம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள். பி ஒரு நாட் கேட்டுக்குள் போகிறது. அதிலிருந்து வருவதும் சியும் ஓர் ஆர் கேட்டுக்குள் போகின்றன. ஆரிலிருந்து வருவதும் ஏயும் ஓர் ஆண்ட் கேட்டுக்குள் போகின்றன. ஆண்டிலிருந்து வருவது ஒய். இதை வாசித்துக்கொண்டே ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். வரையாமல் மனதிலேயே போடுகிறேன் என்பவர்கள் நாலாவது கேட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

படி ஒன்று, நடுக்கம்பிகளுக்குப் பெயர். நாட்டிலிருந்து வெளிவருவது க, ஆரிலிருந்து வெளிவருவது ச. உள்ளீடுகள் ஏ, பி, சி என்று இருப்பதால் நடுவில் தமிழ் எழுத்தை வைத்தால் ஒன்றோடொன்று குழம்பாது. பெயரைப் படத்திலேயே, கம்பிக்கு மேலேயே எழுதுங்கள்.

படி இரண்டு, அட்டவணைக்கு வரிசைகள். உள்ளீடுகளில் வரக்கூடிய 0, 1 சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. இரண்டு உள்ளீடு என்றால் 4 வரிசை, மூன்று என்றால் 8, நான்கு என்றால் 16. கடைசி உள்ளீட்டின் கீழே 0, 1, 0, 1 என்று நிரப்புங்கள். அதற்கு முந்தையதன் கீழே 0, 0, 1, 1 என்று இரண்டிரண்டாக. அதற்கும் முந்தையதில் நான்கு 0, நான்கு 1. முதல் வரிசையில் எல்லாம் 0, கடைசி வரிசையில் எல்லாம் 1 என்று வந்திருந்தால் சரி.

படி மூன்று, நெடுக்காக நிரப்புவது. இதில்தான் பெரும்பாலானவர்கள் தடம் மாறுகிறார்கள். ஒரு வரிசையை எடுத்து க, ச, ஒய் என்று குறுக்கே ஓடி முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கேட் மாறுகிறது, மனமும் நாட், ஆர், ஆண்ட் என்று மாற்றி மாற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் கவின் கீழே எட்டுக் கட்டங்களையும் முதலில் முடியுங்கள், பியைத் திருப்பி எழுதினால் போதும். அப்புறம் ச முழுவதும். அப்புறம் ஒய். ஒரு நேரத்தில் ஒரு கேட்தான் மனதில் இருக்க வேண்டும்.

| ஏ | பி | சி | க | ச | ஒய் |
|---|---|---|---|---|---|
| 0 | 0 | 0 | 1 | 1 | 0 |
| 0 | 0 | 1 | 1 | 1 | 0 |
| 0 | 1 | 0 | 0 | 0 | 0 |
| 0 | 1 | 1 | 0 | 1 | 0 |
| 1 | 0 | 0 | 1 | 1 | 1 |
| 1 | 0 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 1 | 0 | 0 | 0 | 0 |
| 1 | 1 | 1 | 0 | 1 | 1 |

ஒய்யை நிரப்பும்போது மேலே சொன்ன சலுகையைப் பாருங்கள். கடைசிக் கேட் ஆண்ட், அதற்குள் நேராக ஏ போகிறது. ஏ = 0 ஆன முதல் நான்கு வரிசைகளுக்கும் கையை மூடிக்கொண்டு 0 போட்டுவிடலாம். விடை மட்டும் போதும் என்ற ஒரு மதிப்பெண் கேள்வியில் அந்த நான்குக்கும் க, ச எழுதக்கூடத் தேவையில்லை.

படி நான்கு, பொருள் பார்ப்பது. ஏழாவது வரிசையில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, தொட்டி நிறைந்துவிட்டது, கைச்சுவிட்ச் போடவில்லை. மோட்டார் நிற்கிறது, தண்ணீர் வழிந்து வீணாகாது. நான்காவதில் கிணறு வற்றிவிட்டது, யாரோ கைச்சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அப்போதும் மோட்டார் ஓடவில்லை. இதுதானே வேண்டும்? பாடப்புத்தகக் கணக்குகளில் உள்ளீடுகளுக்கு இப்படிப் பொருள் இருக்காது என்பதால் இந்தப் படியைச் செய்ய முடியாது. ஆனால் பழகும் காலத்தில் நீங்களே ஒரு பொருளை வைத்துக்கொண்டு சோதித்தால் தவறு தானாகக் கண்ணில் படும்.

கோவையாக எழுதுவது

அட்டவணை எல்லாவற்றையும் சொல்லிவிடும், ஆனால் நீளம். நான்கு உள்ளீடு வந்தால் 16 வரிசை எழுதக் கை வலிக்கும். அதனால் பூலியன் கோவையாகவும், அதாவது 0, 1 மட்டும் வரும் இயற்கணிதக் கோவையாகவும் எழுதத் தெரிய வேண்டும். ஆண்டுக்குப் புள்ளி, ஆருக்குக் கூட்டல் குறி. திருப்புவதற்குப் புத்தகத்தில் எழுத்தின் தலைமேல் கோடு போடுவார்கள். இங்கே தட்டச்சு வசதிக்காக எழுத்துக்குப் பின்னால் ' போடுகிறேன்.

மறுபடியும் இடமிருந்து வலமாக, கம்பி கம்பியாக. க = பி'. ச = க + சி, அதாவது பி' + சி. ஒய் = ஏ.ச, அதாவது ஏ.(பி' + சி). ஒரு கேட்டின் விடையை அடுத்த கேட்டுக்குள் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் அதை அடைப்புக்குறிக்குள் போட்டே கொண்டுபோங்கள். தேவையில்லாத அடைப்புக்குறியைப் பிறகு எடுத்துவிடலாம், போடாமல் விட்டதைத்தான் திருத்த முடியாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அடைப்பு இல்லாமல் ஏ.பி' + சி என்று எழுதினால் அது வேறு சர்க்யூட். ஆண்ட் முதலில், ஆர் பிறகு என்பதுதான் விதி. ஏ = 0, பி = 0, சி = 1 போட்டுப் பாருங்கள். சரியான கோவை 0 தரும், அடைப்பை விட்டது 1 தரும். கிணற்றில் தண்ணீரே இல்லாமல் மோட்டார் ஓடுகிறது என்று பொருள். மோட்டாரைக் கடைக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மதுரையில் பிறந்தவரின் விதி

நாண்ட், நார் வந்துவிட்டால் கோவையில் நீளமான மேல்கோடுகள் சேர்ந்துவிடும். அவற்றை உடைக்க உதவுவது டி மார்கன் தேற்றம். அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று பிறந்தது இதே மதுரையில்தான். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. 1828-இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில், இப்போது யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் என்கிறோமே அங்கே, முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். ஏழு மாதத்துக்கு நம்ம ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாடலாமா என்பது உங்கள் பாடு. நான் கொண்டாடுகிறேன். வகுப்பில் தூங்கும் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் காலத்தில் இது வெறும் தர்க்கம்தான். சுவிட்சும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இந்தக் கணக்குக்கு அடங்கும் என்று அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் காட்டியது 1930-களின் கடைசியில்.

விதி இதுதான்:

(ஏ.பி)' = ஏ' + பி'
(ஏ + பி)' = ஏ'.பி'

கோட்டை உடை, குறியை மாற்று. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கோட்டை மட்டும் உடைத்து (ஏ.பி)' = ஏ'.பி' என்று எழுதுவதுதான் விடைத்தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை. ஏ = 0, பி = 1 போட்டால் இடது பக்கம் 1, வலது பக்கம் 0. ஒரே வரிசையில் பொய்த்துவிடுகிறது.

நம் மோட்டாருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். எப்போது ஓடாது என்று கேட்டால் ஒய்யைத் திருப்ப வேண்டும். (ஏ.(பி' + சி))'. வெளிக்கோட்டை உடைத்தால் ஏ' + (பி' + சி)'. மீதியையும் உடைத்தால் ஏ' + பி.சி'. வாயால் சொன்னால்: கிணறு வற்றியிருந்தால் ஓடாது, இல்லாவிட்டால் தொட்டி நிறைந்து கைச்சுவிட்ச் போடாமல் இருந்தாலும் ஓடாது. அட்டவணையில் ஒய் 0 ஆன ஐந்து வரிசைகளோடு ஒப்பிடுங்கள், சரியாகப் பொருந்தும். பெரிய கோவையில் எப்போதும் வெளியே இருக்கும் கோட்டிலிருந்து உள்ளே போங்கள். உள்ளேயிருந்து ஆரம்பித்தாலும் விடை வரும், ஆனால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுத்து புரியாமல் போகும்.

நான்கு நாண்ட் சேர்ந்தால்

இது தேர்வுகளில் அடிக்கடி வரும் படம், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். ஏயும் பியும் முதல் நாண்டுக்குள். அதன் விடை க. இரண்டாவது நாண்டுக்குள் ஏயும் கவும், விடை ச. மூன்றாவதற்குள் பியும் கவும், விடை ட. நான்காவதற்குள் சவும் டவும், விடை ஒய்.

| ஏ | பி | க | ச | ட | ஒய் |
|---|---|---|---|---|---|
| 0 | 0 | 1 | 1 | 1 | 0 |
| 0 | 1 | 1 | 1 | 0 | 1 |
| 1 | 0 | 1 | 0 | 1 | 1 |
| 1 | 1 | 0 | 1 | 1 | 0 |

வேறு வேறாக இருந்தால் 1, அதாவது எக்ஸார். கோவையிலும் வரவேண்டுமே, பார்ப்போம். க = ஏ' + பி'. ச = (ஏ.(ஏ' + பி'))'. இதில் ஏ.ஏ' எப்போதும் 0 என்பதால் அது கழன்றுவிடும், ச = (ஏ.பி')'. அதேபோல ட = (ஏ'.பி)'. ஒய் = (ச.ட)'. டி மார்கன்படி ச' + ட', அதாவது ஏ.பி' + ஏ'.பி. நான்கு வரிசைதான் என்பதால் இங்கே அட்டவணையே வேகமானது. இரண்டு வழியிலும் போட்டு ஒரே விடை வந்தால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம்.

7400 என்ற ஐசிக்குள் (கேட்களை அடக்கிய சின்னச் சில்லு) இருப்பதே சரியாக நான்கு நாண்ட்தான். தாளில் போட்டதை பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் வயரைச் செருகிப் பார்க்கும் பலகை) பார்க்க வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடையில் 74எச்சி00 என்று கேட்டு வாங்குங்கள். 74எல்எஸ்00 கொடுத்தாலும் கால்கள் அதே இடத்தில்தான், ஆனால் அதன் வெளியீடு 1 ஆக இருக்கும்போது தரும் கரண்ட் குறைவு, எல்இடி மங்கலாக எரியும். ஐசியின் ஓர் ஓரத்தில் இருக்கும் வெட்டு இடது பக்கம் வரும்படி வைத்தால் கீழே இடது ஓரத்தில் இருப்பது முதல் கால். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டு போங்கள். 14-க்கு 5 வோல்ட், 7-க்குத் தரை. பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும்.

ஏவை 1, 4-ஆம் கால்களுக்கும், பியை 2, 10-ஆம் கால்களுக்கும் கொடுங்கள். 3-இல் வருவது க, அதை 5-க்கும் 9-க்கும் இழுங்கள். 6-இல் வரும் சவை 12-க்கும், 8-இல் வரும் டவை 13-க்கும். 11-இல் ஒய். 11-லிருந்து 470 ஓம் ரெசிஸ்டர், எல்இடி, தரை. உள்ளீட்டுக் கம்பிகளை அந்தரத்தில் விடாதீர்கள். எல்எஸ் வகை அதை 1 என்று எடுத்துக்கொள்ளும், எச்சி வகை எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு உள்ளீட்டையும் 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இணைத்து, சுவிட்சைத் தரைக்குப் போடுங்கள். சுவிட்ச் போட்டால் 0, எடுத்தால் 1. மூளைக்குத் தலைகீழாகத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். நார் கேட் ஐசியான 7402-ஐ இதே கால் வரிசையில் மாட்டினால் வேலை செய்யாது. அதில் 1-ஆம் கால் வெளியீடு, 2-உம் 3-உம் உள்ளீடு.

விடை எல்இடியில் தப்பாக வந்தால் மல்டிமீட்டரை எடுத்து 3, 6, 8 என்று நடுக்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அட்டவணையின் க, ச, ட கட்டங்களோடு ஒப்பிடுங்கள். எந்தக் கம்பியில் முதலில் மாறுபடுகிறதோ, அந்தக் கேட்டுக்குப் போகும் வயரில்தான் கோளாறு. நடுக்கம்பிக்குப் பெயர் வைக்காதவர் இந்த இடத்தில் எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மோட்டார் சர்க்யூட்டையும் இதே ஒரு ஐசியில் கட்டிவிடலாம், எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பி' + சி என்பது டி மார்கன்படி (பி.சி')'. சியை ஒரு நாண்டின் இரண்டு வாயிலிலும் கொடுத்தால் சி'. அதையும் பியையும் இரண்டாவது நாண்டில் கொடுத்தால் ச. சவையும் ஏயையும் மூன்றாவதில் கொடுத்தால் ஒய்யின் தலைகீழ். அதை நான்காவதில் இரண்டு வாயிலிலும் கொடுத்தால் ஒய். ஐசியின் வெளியீட்டை எல்இடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிஜ மோட்டார் 3 பேஸ் கரண்டில் ஓடுவது. நடுவில் ரிலே, கான்டாக்டர் எல்லாம் வேண்டும், அது தெரிந்த எலக்ட்ரீஷியன் வேலை.

சில வில்லங்கமான கேள்விகள்

மூன்று வாயில் உள்ள நாண்டும், இரண்டு நாண்டை அடுத்தடுத்து வைத்ததும் ஒன்றல்ல. ஆண்ட், ஆர், எக்ஸார் மூன்றையும் அப்படி நீட்டலாம், நாண்டையும் நாரையும் நீட்ட முடியாது. 0, 0, 1 போட்டுப் பாருங்கள்: மூன்று வாயில் நாண்ட் 1 தரும், அடுத்தடுத்து வைத்தது 0 தரும். மூன்று உள்ளீட்டு எக்ஸாரில் எத்தனை 1 என்று எண்ணுங்கள், ஒற்றைப்படை என்றால் விடை 1.

உள்ளீடுகள் நேரத்தோடு 0, 1 என்று மாறுவதை அலைவடிவமாகக் கொடுத்து வெளியீட்டை வரையச் சொன்னால், ஏதாவது ஓர் உள்ளீடு ஏறும் அல்லது இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழாக ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எதுவும் மாறாது, ஆகவே ஒவ்வொரு துண்டும் அட்டவணையின் ஒரு வரிசை. நடுக்கம்பிக்கும் தனி அலை வரைந்துகொண்டால் பிழை வராது.

கடைசியாக, பேனாவை எடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஏதாவது கேட்டின் வெளியீடு சுற்றிவந்து முன்னால் இருக்கும் கேட்டுக்குள்ளேயே நுழைகிறதா? நுழைந்தால் இந்த முறை அப்படியே செல்லாது. இரண்டு நார் கேட்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும் படம் அப்படிப்பட்டது. அதற்கு லாட்ச் என்று பெயர். அதன் வெளியீடு இப்போதைய உள்ளீட்டை மட்டுமல்ல, சற்று முன் அது என்னவாக இருந்தது என்பதையும் பொறுத்தது. அட்டவணையில் ‘முந்தைய ஒய்’ என்று ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால்தான் அதைப் போட முடியும்.